தண்ணீர் குடிக்கும் வண்டி

காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன எஞ்சினின் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை விரலால் அழுத்திப் பார்த்தேன். தளர்ந்து கொடுக்க வேண்டிய ரப்பர், காற்றடித்த சைக்கிள் டயர் மாதிரி விறைத்து நின்றது. கோயம்புத்தூரில் நான் வைத்திருக்கும் 1996-ஆம் ஆண்டு மாருதி 800 அது. பத்து மணி நேரம் நின்ற வண்டியில் சூடு இல்லை; சூட்டினால் பிறந்த அழுத்தமும் மிஞ்சியிருக்க முடியாது. அப்படியானால் ஹோஸுக்குள் அடைபட்டிருந்தது நீர்ச்சுற்றுக்கு வெளியிலிருந்து புகுந்த வாயு. ஆறு மாதமாக ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கியும் கிடைக்காத பதிலில் பாதி அந்த ஒரு தொடுதலில் கிடைத்துவிட்டது.

‘வண்டி தண்ணி குடிக்குதுங்க’ என்பதுதான் ரேடியேட்டர் நீர் குறைந்துகொண்டே போகும் இந்த நோய்க்கு நம் பக்கம் பெயர். அதற்கு இரண்டு வைத்தியங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, டிக்கியில் எப்போதும் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்துக்கொண்டு தினமும் ஊற்றுவது. இன்னொன்று, கேட்டவுடனே ‘ஹெட் கேஸ்கெட் போச்சு, பிரிச்சுடலாம்’ என்பது. முன்னது நோயை வளரவிடுகிறது. பின்னது சில நேரம் சரியாகவே இருக்கும், ஆனால் எதற்காகப் பிரிக்கிறோம் என்று தெரியாமலே பிரிக்கிறது. இரண்டிலும் விட்டுப்போவது அழுத்தம். நீர் எங்கே போனது என்று எல்லோரும் தேடுகிறார்கள். அழுத்தம் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இருக்கிறதா, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லையா என்று தேடினால் நீர் போன வழி தானாகவே தெரியும். பழைய கார்களை வைத்துப் போராடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நாம் படித்தது கடல்மட்டத்தில் திறந்திருக்கும் பாத்திரத்துக்கு. காரின் நீர்ச்சுற்று மூடிய பாத்திரம். பிரஷர் குக்கரில் வெயிட் செய்யும் வேலையை இங்கே ரேடியேட்டர் மூடி செய்கிறது. மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இன்னும் 0.9 பார் சேரும்வரை அதன் ஸ்பிரிங் திறக்காது. அந்த நிலையில் வெறும் தண்ணீரே சுமார் 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். அந்தக் காலத்து வண்டிகளில் இருந்த 7 பவுண்டு மூடியில் அந்த எல்லை 111 டிகிரிதான். ஸ்பிரிங் களைத்தாலோ, அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே நீர் கொதித்து, பக்கத்தில் இருக்கும் உபரிநீர் டப்பா வழியாக வெளியேறி, தரையில் விழுந்து காய்ந்துவிடும். ஒரு மூடியின் விலை, ஹெட்டைப் பிரித்துப் பூட்டும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மூடியைச் சோதிப்பது கடைசி வேலையாகத்தான் நடக்கிறது.

மலை ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூடி சேர்க்கும் அழுத்தம் வெளிக்காற்றின் மேலே சேர்வது. வெளிக்காற்றே இளைத்தால் மொத்தமும் குறையும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல 0.9 மூடி அங்கே நீரை 115 டிகிரி வரை அடக்கிவைக்கும். கெட்ட மூடி போட்ட வண்டியிலோ, நீருக்கு ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கிய பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே கொதி தொடங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் பானெட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் பழைய வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எத்தனை வண்டிகளுக்கு ஒரு மூடி மட்டும் போதுமாக இருந்திருக்கும் என்று எனக்கு மனம் அடித்துக்கொள்ளும்.

அந்த மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தம் மிகும்போது நீரை டப்பாவுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு, எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து நீரைத் திரும்ப இழுக்கும். சின்னது ஒட்டிக்கொண்டால், காலையில் ஹோஸ் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலோ கதை மோசம்: நீருக்குப் பதில் காற்றை இழுக்கும். டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். டப்பாவை மட்டும் பார்த்து ‘தண்ணி அப்படியே இருக்கு’ என்று நிம்மதியாக ஓட்டியவர்கள் எஞ்சினைப் பறிகொடுத்ததுண்டு. குளிர்ந்த எஞ்சினில் மூடியையே திறந்து உள்ளே பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

குளிர்ந்த எஞ்சினில் என்பதை இன்னொரு முறை அழுத்திச் சொல்கிறேன். அழுத்தத்தில் 118 டிகிரியில் இருக்கும் நாலு லிட்டர் நீரின் மூடியைத் திடீரென்று திறந்தால், அதில் 130 மில்லி அளவு அந்தக் கணமே ஆவியாகும். அந்த ஆவிக்கு 200 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். மிச்ச நீரையும் தள்ளிக்கொண்டு அது முகத்தில்தான் வரும். மேலே துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பது தப்பான தைரியம். அரை மணி நேரம் காத்திருந்தால் யாருக்கும் எதுவும் குடிமுழுகிப் போகாது.

இழப்பே இல்லாத இழப்பும் உண்டு. டப்பா இல்லாத பழைய அம்பாசடர்களில் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பும் வழக்கம் இருக்கிறது. 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போகும்போது நீர் மூன்றரை சதவீதம் விரியும். ஏழெட்டு லிட்டர் கொள்ளும் சுற்றில் அது கால் லிட்டருக்கும் மேல். அந்தக் கால் லிட்டரை வண்டி வெளியே தள்ளும்; மறுநாள் உரிமையாளர் திரும்ப ஊற்றுவார்; வண்டி திரும்பத் தள்ளும். நீர் எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கேயே ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் அதற்குமேல் இறங்காது. இப்படிப்பட்ட ஒரு வண்டிக்கு வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரும் மாற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வெளியே ஒழுகும் ஒழுக்கு கண்டுபிடிக்க எளிது, எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் தையல்கள், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளை, பிளாக்கின் பக்கவாட்டை அடைத்திருக்கும் தகட்டு மூடிகள் ஆகியவை வழக்கமான இடங்கள். பம்ப்பின் அந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. உள்ளே சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டிச் சொல்லிவிடும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைவிடத் தீங்கு வேறில்லை. சூடான எஞ்சின் மேல் விழும் துளி உடனே காய்ந்துவிடுவதால் ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள்: கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சையோ வெள்ளையோ ஒரு படிவு இருக்கும். சமவெளியில் யாரும் போடாத ஹீட்டரும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் அது அரித்துப் போனால் முன்பக்கக் கால்மிதிக்கு அடியில் ஈரமும், கண்ணாடியில் பிசுபிசுப்பும், ஒருவிதத் தித்திப்பு வாசனையும் வரும். மழைநீர் என்று நினைத்து மிதியைக் காயப்போட்டுக்கொண்டிருப்போம்.

இவற்றை உறுதிப்படுத்தக் கைப்பம்ப்பும் மானியும் சேர்ந்த ஒரு கருவி இருக்கிறது. மூடிக்குப் பதில் அதைப் பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை மட்டும் காற்றடித்து, பதினைந்து நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கி, வெளியே எங்கும் நனையவில்லை என்றால் கசிவு உள்ளே. அதே கருவியில் இணைப்பு ஒன்றை மாட்டி மூடியையும் சோதிக்கலாம். சில கசிவுகள் உலோகம் சுருங்கியிருக்கும் குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே வரும், சில சூட்டில் மட்டுமே வரும். இரண்டு நிலையிலும் பார்க்காமல் ‘கசிவே இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இனி உள்ளே. விஷயம் ஆழமாவது இங்கேதான்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் உச்சத்தில், எஞ்சின் சுமை இழுக்கும்போது, அழுத்தம் 40 பாரைத் தாண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன் உள்ள கேஸ்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும் நீரில் இருப்பது ஒரு பாருக்கும் குறைவு. நடுவில் முடியளவு வழி திறந்தாலும், வண்டி ஓடும்போது புகை நீருக்குள் போகும். நீர் சிலிண்டருக்குள் வர அதற்குப் பலம் போதாது. வண்டியை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது. சிலிண்டரில் அழுத்தம் இல்லை. நீர்ச்சுற்றிலோ, பம்ப் நின்றுவிட்டதால் சூடு தேங்கி, அழுத்தம் சற்று ஏறவே செய்கிறது. இப்போது நீர் அதே வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். பகலில் ஒழுங்காக ஓடிய வண்டி காலையில் ஒரு சிலிண்டரில் மட்டும் இடறிக்கொண்டு, வெள்ளைப் புகை விட்டு, அரை நிமிடத்தில் சரியாவதன் காரணம் இதுவே. ஒரே ஓட்டை, இரண்டு திசை. இதைப் புரிந்துகொண்டால் முரண்போலத் தெரியும் அறிகுறிகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

நீருக்குள் போன புகையில் ஒரு பங்கு, எஞ்சின் ஆறிய பிறகும் வாயுவாகவே தங்கிவிடுகிறது. காலையில் என் வண்டியின் ஹோஸை விறைக்கவைத்தது அதுதான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில், நீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் இறுகினாலும் அதே பொருள். ரேடியேட்டருக்குள் குமிழி வருவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீரைப் புதிதாக ஊற்றிய வண்டியில் அடைபட்ட காற்று வெளியேறும்வரை குமிழி வரத்தான் செய்யும். ஹீட்டர் குழாய்வரை காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகும் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

புகையை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் ஒரு நீலத் திரவம் உண்டு. புரோமோதைமால் புளூ என்ற சாயம் கரைந்தது அது. கரியமில வாயு பட்டால் பச்சையாகி மஞ்சளாகும். ரேடியேட்டரின் வாயில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் காற்றை அதன் வழியே இழுத்துப் பார்க்க வேண்டும். நீரே உள்ளே வந்துவிட்டால் திரவம் வீண். நாள்பட்ட திரவம் வேலை செய்கிறதா என்று அறிய அதில் நம் மூச்சை ஊதினாலே போதும், மஞ்சளாக வேண்டும். டீசல் வண்டியில் புகை நீர்த்து வருவதால் இந்தச் சோதனையின் உறுதியும் குறையும். இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது: ஐடிலில் நிற்கும் எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் சொற்பம், சிறிய ஓட்டை அப்போது வாய் திறக்காது. ஒர்க்‌ஷாப்பில் நீலம் நீலமாகவே நிற்கும். உங்கள் கேஸ்கெட் நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மேட்டில் இழுத்துவிட்டு வந்து சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்த படியில் இருப்பவை கம்ப்ரஷன் சோதனையும் காற்றுக்கசிவுச் சோதனையும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். நீர்ப்பக்கம் மட்டும் திறந்த சிறு ஓட்டையைக் கம்ப்ரஷன் பெரும்பாலும் காட்டாது. அதற்கு, பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் இரண்டும் மூடியிருக்க, பிளக் துளை வழியாக 100 பவுண்டு காற்றை விட்டு, ரேடியேட்டரில் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தச் சிலிண்டர் என்பதையே அது சொல்லிவிடும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதும் செலவில்லாத நல்ல சோதனை: மற்றவை காவி நிறத்தில் இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெளுத்திருந்தால், நீர் இறங்குவது அங்கேதான்.

ஆயிலில் பால்போல நுரை தெரிந்தால் உடனே கேஸ்கெட்டைக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய மஞ்சள் நுரை இருந்தால், அது சிறு தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்ததாக இருக்கலாம். ஆயில் குச்சியிலும் பால் நிறம், ஆயிலின் மட்டமும் உயர்ந்திருக்கிறது என்றால் வண்டியை அடுத்த தெருவுக்குக்கூட ஓட்டக் கூடாது. சில கார்புரேட்டர் எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டைச் சூடாக்க நீர் அதன் வழியே ஓடும். அந்த இடத்து பேக்கிங் கசிந்தால், நீர் பெட்ரோலோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய் ஆவியாகிவிடும். அறிகுறிகள் ஏறத்தாழ ஹெட் கேஸ்கெட்டைப் போலவே இருக்கும், ஆனால் ஹோஸ் விறைக்காது, ஏனென்றால் அங்கே புகையின் அழுத்தம் இல்லை. ஹெட்டைப் பிரித்து, அடிப்பரப்பைச் சமமாக்கும் ஃபேசிங் செய்து, பூட்டி, மறுபடியும் நீர் குறைகிறது என்று தலையில் கைவைத்தவர்களில் சிலருக்கு நோய் இந்தச் சின்ன பேக்கிங்கில் இருந்திருக்கிறது.

என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்தது. ஹோஸ் எப்போது தொட்டாலும் மெத்தென்றே இருந்தது. முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் நீலத் திரவம் மாறவில்லை, ‘ஒண்ணுமில்ல சார்’ என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெரியவர் மூடியைக் கருவியில் பூட்டிக் காட்டினார், 0.9 தாங்க வேண்டியது 0.3-லேயே விட்டுக்கொடுத்தது. புது மூடி போட்டேன். ஒரே வாரத்தில் ஹோஸ் விறைக்கத் தொடங்கியது. புது மூடி போட்டதால்தான் கேஸ்கெட் போனது என்று நண்பர்கள் சொன்னார்கள். நடந்தது வேறு. கேஸ்கெட்டில் சிறு வழி முன்பே திறந்திருந்தது; அதன் புகையைப் பழைய மூடி அவ்வப்போது வெளியே விட்டு, நோயை மறைத்துக்கொண்டிருந்தது. குன்னூர் சாலையில் பர்லியார்வரை ஏறி இறங்கி, வழியில் எஞ்சின் தொடும்படி ஆறக் காத்திருந்து மூடியைத் திறந்து, திரும்பக் கிளப்பிச் சோதித்தபோது நீலம் சில நொடியில் மஞ்சளானது. ஆறு மாதம் ஓடிய கேள்வி அங்கே முடிந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நம்மூர் வெயிலுக்கு அது எதுக்குங்க’ என்று கேட்பார்கள். வெயில் 40 டிகிரியாக இருந்தாலும் எஞ்சினுக்கு 80-க்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல் வீணாகும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பக்கவழியை அடைக்கும்படி அமைந்த எஞ்சின்களில், அதைக் கழற்றினால் நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு கூடவும் செய்யும். எல்லாவற்றையும்விட, அது ஒரு சாட்சியைக் களைவது. என் வண்டி கழற்றிய பிறகு சில வாரம் அளவுக்கு மேல் சூடாகவில்லை. குணமாகிவிட்டது என்று நானும் நம்பினேன். அந்த வாரங்களில் ஓட்டை பெரிதாகிக்கொண்டிருந்தது.

மஞ்சள்தூளும் அப்படித்தான். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் போடுவது லாரி ஓட்டுநர்கள் முதல் எல்லோரும் அறிந்த வழி. நடுக்காட்டில் நின்றுவிட்டால் அது உண்மையிலேயே கரைசேர்க்கும். தூள் ஊறி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது. கடையில் விற்கும் அடைப்பான் திரவங்களுக்கும் இது பொருந்தும். வீடு வந்து சேர்ந்ததும் சுற்றை முழுவதும் கழுவிவிட வேண்டும்.

ஊற்றுவது எதை என்பதும் முக்கியம். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் சுண்ணாம்பு, வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோலவே சிலிண்டரைச் சுற்றியும் படியும். கூலன்ட் பனி பெய்யும் நாட்டுக்கு என்பதும் சரியல்ல. சூட்டை எடுத்துச்செல்வதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடச் சற்று மேல்தான்; ஆனால் துருவைத் தடுக்கும் மருந்துகள் கூலன்டில்தான் இருக்கின்றன, அலுமினிய ஹெட் உள்ள வண்டிக்கு அவை உயிர். காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். வண்டியிலிருந்து இறக்கிய பழைய கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும். நாய்கள் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். வளர்ந்த மனிதருக்கே நூறு மில்லி அளவு உயிரைப் பறிக்கக்கூடியது.

கேஸ்கெட்தான் என்று உறுதியானபின் அவசரம் கூடாது. அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஓரடி நீள ஹெட் 30 டிகிரியிலிருந்து 100-க்குப் போனால் அரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு கால் மில்லிமீட்டர்தான். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்த வண்டிகளில், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் நடுவில் கேஸ்கெட் தேய்க்கப்படுகிறது. ஒருமுறை கடுமையாகச் சூடான ஹெட் கோணியிருக்கும். நேர்விளிம்புக் கட்டையை வைத்து பீலர் கேஜ் விட்டுப் பார்க்காமல், புது கேஸ்கெட்டை மட்டும் போட்டுப் பூட்டினால் சில மாதங்களில் அதே இடத்துக்கு வருவோம். பல சிறிய எஞ்சின்களுக்குக் கையேடு அனுமதிக்கும் கோணல் 0.05 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் லேத்தில் கொடுத்து ஃபேசிங். வெடிப்பு இருக்கிறதா என்று அங்கேயே அழுத்தச் சோதனை. போல்ட்டுகளைக் கையேட்டின் வரிசைப்படி, நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்சில் படிப்படியாக முறுக்க வேண்டும். ‘கைக்கே அளவு தெரியும்’ என்கிற கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் ரெஞ்ச்சைக் கேட்டு வாங்கிக்கொடுப்பேன்.

சூடு காட்டும் முள்ளை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. அதன் உணரி நீரில் நனைந்திருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். நீர் வடிந்து உணரி காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். மேட்டில் ஏறிய முள் திடீரென்று விழுந்தால் மகிழ்ச்சியடையாமல் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றிவிடவும் கூடாது. ஹெட் அங்கேயே வெடிக்கலாம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 1957-லிருந்து வந்துகொண்டிருந்த அம்பாசடர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் ஒரே ஆண்டில் நின்றது. மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்றுவது வைத்திருப்பவர்கள் கையில் இருக்கிறது. என் வண்டியில் மூன்றாவது ஒர்க்‌ஷாப் பெரியவர்தான் ஹெட்டை இறக்கினார். நடுச்சிலிண்டரின் ஓரத்தில், நீர்த்துளையை நோக்கி நெல்மணி அகலத்துக்குக் கேஸ்கெட் கருகியிருந்தது. ஃபேசிங் முடிந்து, தெர்மோஸ்டாட்டும் திரும்ப ஏறி, இப்போது ஒன்பது மாதம். டப்பாவின் மேல் பேனாவால் போட்ட கோட்டுக்குக் கீழே நீர் இறங்கவில்லை. காலையில் ஹோஸைத் தொட்டால் மெத்தென்று அமுங்குகிறது. மூடியைத் திறந்தால் சத்தம் எதுவும் இல்லை.